தொண்ணூற்றெட்டுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அரியலூர் கடைவீதியில் யார் செத்தாலும் வேம்புக்குத்தான் முதலில் தெரியும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு எழுத்துக் கோத்துக் கொடுப்பது அவள்தான். ஆள் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே, “போட்டோவ மட்டும் வச்சுக்கம்மா, தேதிய அப்புறம் சொல்றோம்” என்று கொடுத்துவிட்டுப் போகிற மகன்களும் இருந்தார்கள். அப்படிப் போட்டோ வந்துசேர்ந்த ஒரு பெரியவர் பிழைத்தெழுந்து, சில மாதம் கழித்து பென்ஷன் மனு அடிக்க அவள் கடைக்கே வந்தார். வேம்பு அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, “உங்கள எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க” என்றாள். அவள் குணத்தைச் சொல்ல அந்த ஒரு பேச்சே போதும்.

தா.பழூர் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பா அங்கமுத்துவும் அம்மா குஞ்சம்மாளும் ஊரார் வயலில் நட்டும் அறுத்தும் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார்கள். அதற்குமேல் அவளே பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், மாடியில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் பள்ளியில் டி.டி.பி. என்கிற எழுத்துக் கோக்கும் படிப்பில் சேர்ந்தாள். தொண்ணூற்றேழாம் வருஷம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, தூசு ஆகாதாம். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வேம்புக்குச் சிரிப்பு வந்தது. “எங்கூர்க் கோயிலுக்குள்ள எங்கள விட ஆயிரத்தெட்டு யோசனை பண்ணுவாங்க. இங்க செருப்பக் கழட்டிட்டா போதும்னு விட்டுட்டாங்க” என்று பின்னாளில் சொல்லிக்கொள்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவர்களுக்குத்தான் உடனே சிரிக்க வராது.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற அறிவரசனைக் கட்டிக்கொண்டு அரியலூர் வந்தவள், கடைவீதியில் ஒரு சந்துக் கடையைப் பிடித்தாள். கம்ப்யூட்டருக்குத்தான் அலைந்தாள். லப்பைக்குடிக்காட்டில் அப்துல் லத்தீப் என்பவர் ஷார்ஜாவிலிருந்து வரும்போது கம்பளி, பவுடர் டப்பாக்களோடு ஒரு கம்ப்யூட்டரும் கொண்டுவந்திருக்கிறார், பூப்போட்ட துணியால் மூடிக் கூடத்தில் வைத்திருக்கிறார், மகள் கல்யாணம் கூடிவந்ததால் விற்கப்போகிறார் என்று சேதி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் லாரியிலேயே போனார்கள். திரும்பி வரும்போது மானிட்டர் வேம்புவின் மடியில் இருந்தது. குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம், “மெதுவாப் போ, கல்லா ஏத்திருக்க” என்று அறிவரசனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அதற்குள் இருந்தது விண்டோஸ் 98. அப்போது அது புதுசு. பெட்டிக்குள் சுற்றுகிற காற்றாடி மட்டும் அவ்வப்போது வண்டு மாதிரி இரைந்தது. மற்றபடி சொன்னதைக் கேட்டது.

கடைக்கு யோகம் அடித்தது அரசாங்கத்தால். 2001-இல் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். சங்கம், மன்றம், பள்ளிக்கூடம் என்று எல்லோருக்கும் லெட்டர் பேடில் ‘பெரம்பலூர் மாவட்டம்’ போய் ‘அரியலூர் மாவட்டம்’ வர வேண்டியிருந்தது. அச்சடித்த தாள் பாதி தீருவதற்குள், மறு வருஷமே, தனி மாவட்டம் இல்லை என்று பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடியும் எல்லோரும் வேம்பு கடையில் வரிசையில் நின்றார்கள். 2007 முடிகிற சமயம் திரும்பவும் பிரித்தார்கள் என்பது வேறு விஷயம். “மாவட்டம் எதுவா இருந்தா என்னங்க, மாத்திக்கிட்டே இருக்கணும்” என்பாள்.

இந்தச் சுகமெல்லாம் எதிர்க்கடை வரும்வரைதான்.

எதிரே கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே குளுகுளுவென்று ஏ.சி. வைத்து, வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்களோடு கடை திறந்தவள் இர்பானா. அரியலூரில் வாழ்க்கைப்பட்ட பெண். புருஷன் அல்தாப் துபாயில். எல்லாமே புது விண்டோஸ் எக்ஸ்பி. வாசலில் பெரிய பலகை: ‘அன்புடன் வரவேற்க்கிறோம்.’

வேம்பு அதைப் பார்த்தாள். ஒரு சிலேட்டை எடுத்து, சாக்பீசால் எழுதித் தன் கடை வாசலில் மாட்டினாள்: ‘கூடுதல் “க்” இங்கே போடப்படாது.’

சாயங்காலத்துக்குள் வீதி முழுக்கச் சிரித்தது. மறுநாள் பலகை திருந்தியது. டீ கொடுக்க வந்த கண்ணையன் மூலம் பதிலும் வந்தது. இரண்டு கடைக்கும் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்ததால் தூது போவதும் அவர்தான்.

“வேம்பு, அந்தப் புள்ள சொல்லிவிட்டுச்சு. ‘க்’க எடுத்தாச்சாம். ஒங்கடையில எதுக்காச்சும் கொறைச்சலா இருந்தா வந்து வாங்கிக்கச் சொல்லுச்சு.”

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. இவள் அங்கே போன வாடிக்கையாளரைப் பார்த்து, “குளுருல நின்னு சளி புடிச்சுக்காதீங்க” என்பாள். அவள் இங்கிருந்து வந்தவரிடம், “தொண்ணூத்தெட்டுலயா அடிச்சீங்க? பத்திரமா வச்சுக்குங்க, மியூசியத்துல கேப்பாங்க” என்பாள்.

2006-ஆம் வருஷம் வெயில் காலம் முடிகிற நேரத்தில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. ஜூலை 11, செவ்வாய்க்கிழமையோடு விண்டோஸ் 98-க்கான ஆதரவு நிறுத்தப்படுகிறது என்று. இர்பானா அதைத் தன் கடைக்கு வந்த ஒருவரிடம் சொன்னாள்: “எதிர்க்கடை கம்ப்யூட்டருக்கு ஜூலையோட சப்போர்ட் முடியுதுங்க.” அவ்வளவுதான் சொன்னாள். அது டீக்கடையைத் தாண்டும்போது ‘நின்றுபோகும்’ என்று ஆனது. பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பும்போது ‘வெடித்துவிடும்’ என்று ஆகியிருந்தது.

கடைப் படியோரம் பூ விற்கும் மருதாயி வந்து கேட்டாள். “ஏன்டி வேம்பு, ஒம்பொட்டி வெடிக்கப் போவுதாமே? எங்கூடைய கொஞ்சம் தள்ளி வச்சுக்கட்டுமா?”

“வெடிச்சா மொதல்ல நான்தான் போவேன். நீ எனக்கு மாலை கட்டணும், கூடையோட இரு” என்று அனுப்பிவைத்தாள்.

ஆனால் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்த ஒருவர் வந்து, பிழை பார்க்கக் கொடுத்திருந்த ப்ரூப்பைத் திருப்பி வைத்துவிட்டு, “தப்பா நெனச்சுக்காதம்மா. சாவப்போற பொட்டியில பொண்ணுக்குப் பத்திரிகையான்னு வூட்ல யோசிக்கிறாங்க” என்றார். அவர் நேராக வீதியைக் கடந்து கண்ணாடிக் கதவைத் திறப்பதை வேம்பு பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

பெரம்பலூரில் தனக்குச் சொல்லிக்கொடுத்த சாருக்குப் போன் போட்டாள்.

“அது நிக்கவெல்லாம் நிக்காதும்மா. இனிமே அதுல ஏதாச்சும் ஓட்டை கண்டுபுடிச்சா கம்பெனிக்காரன் அடைச்சுத் தரமாட்டான். ஒடம்புக்கு வந்தா வைத்தியம் பாக்கமாட்டாங்க, அவ்ளோதான்.”

“இவ்ளோதானா சார்? எங்க ஊருல பாதிப் பேரு அப்படித்தான் உசுரோட இருக்காங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்தவுடன் அவளுக்குக் குறும்பு திரும்பிவிட்டது. வந்து விளக்கம் கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஓட்டையும் வைத்தியமும் சொல்லிக்கொண்டிருப்பதா? தனக்குத் தெரிந்த தொழில் ஒன்று இருக்கிறது அல்லவா? உட்கார்ந்து ஒரு சுவரொட்டி கோத்தாள். நடுவில் கம்ப்யூட்டரின் படம், சுற்றிக் கறுப்புக் கட்டம்.

‘கண்ணீர் அஞ்சலி. திரு. விண்டோஸ் 98 அவர்கள், வேம்பு டி.டி.பி.யின் மூத்த ஊழியர். அன்னார் வரும் செவ்வாய்க்கிழமை காலை இயற்கை எய்த இருப்பதாக எதிர்க்கடை வட்டாரத்திலிருந்து தெரியவருவதால், உற்றாரும் நண்பர்களும், ப்ரூப்பை வைத்துவிட்டு ஓடியவர்களும் நேரில் வந்து இறுதி மரியாதை செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இவண், துயரத்தில் வாடும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மற்றும் பிரிண்டர் குடும்பத்தார்.’

அறிவரசன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “உசுரோட இருக்கறதுக்கு அஞ்சலி அடிக்காதடி, ஆகாது.”

“ஆவுமா ஆவாதான்னு செவ்வாக்கெழம தெரியும். பசையக் கரைச்சுக் குடு.”

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒன்று, டீக்கடைத் தூணில் ஒன்று, இர்பானா கடைக்குப் பக்கத்து மின்கம்பத்தில் ரொம்ப மரியாதையாக நேராக ஒன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடைவீதியில் தேரோட்டம் மாதிரி கூட்டம். கண்ணையன் கூடுதலாகப் பால் வாங்கி வைத்திருந்தார். யாரோ ஒருவன் மெய்யாகவே மாலையோடு வந்திருந்தான். வேம்பு தலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கடையைத் திறந்தாள். பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள். மானிட்டர் மெல்ல வெளுத்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

“போயிருச்சுடா!” என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. மாலைக்காரன் ஓடிவந்து போட்டே விட்டான். படியில் இருந்த மருதாயிக்கு இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை. கூடையைத் தள்ளிவைத்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக் குரலெடுத்தாள்.

“ஆயிரம் பேருக்கு அஞ்சலி அடிச்சவனே, என் ராசாவே,
ஒனக்கு நீயே நோட்டீசு அடிச்சிட்டுப் போறியே...”

வேம்பு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஆனாலும், சார் போனில் சொன்னது சரிதானா என்று ஒரு சந்தேகம். அப்போது கூட்டத்தில் ஒருவர், “எதிர்க்கடையிலயும் வெளக்கு அவிஞ்சு கெடக்கே. அதுக்கும் சப்போர்ட் போயிருச்சா?” என்று கேட்க, எல்லோரும் திரும்பி அங்கே பார்த்தார்கள். ஏ.சி. நின்று, இர்பானா நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

கரண்ட் வந்தது. வேம்பு மறுபடி போட்டாள். பாதியில் அணைந்ததால் தொண்ணூற்றெட்டு தன் வழக்கப்படி முழுத் திரையும் நீலமாகி, உள்ளே சேதம் உண்டா என்று சோதிக்க ஆரம்பித்தது. “நீலம் பாரிச்சிருச்சு! வெஷம் ஏறிருச்சு!” என்று முன்வரிசை பின்னால் நகர்ந்தது. மஞ்சள் கோடு ஒன்று நத்தை மாதிரி ஊர்ந்தது. மருதாயி அடுத்த அடியை எடுத்தாள். நீலம் விலகியது. திரையில் மேகப் படம் வந்தது. பிறகு அந்தப் பழைய பெட்டி, காலையில் எழுந்து கொட்டாவி விடுகிற மாதிரி, தன் சங்கீதத்தை இசைத்தது.

மருதாயி ராகத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, “அடப்பாவி, எந்திரிச்சுட்டான்” என்றாள்.

கூட்டம் விசிலடித்தது. ப்ரூப்பை வைத்துவிட்டுப் போன கல்யாண வீட்டுக்காரர் அங்கேயே, எல்லோரும் பார்க்க, பத்திரிகை வேலையை மறுபடி வேம்புக்கே கொடுத்தார். செத்துப் பிழைத்த பெட்டி நல்ல சகுனமாம். வேம்பு வெற்றிக் களிப்போடு எதிரே பார்த்தாள். இர்பானா கோபத்தில் இருப்பாள் என்று நினைத்தாள். அவளோ கண்ணாடிக்குப் பின்னால் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேம்புக்கு அது கொஞ்சம் இடித்தது. எதிரி இப்படிச் சிரிக்கக் கூடாதே.

ஆனால் கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று அடுத்த வாரமே தெரிந்தது. அதுவும் வேம்புக்கு மட்டும். பிரிண்டர் பழுதாகிப் புதுசு வாங்கி வரும்படி அறிவரசனைத் திருச்சிக்கு அனுப்பினாள். வந்த பிரிண்டரோடு இருந்த சிடியைப் போட்டால், எக்ஸ்பி வேண்டும் என்று அது கேட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டால், “தொண்ணூத்தெட்டுக்கெல்லாம் இப்ப எவனும் எதுவும் போடறதில்லக்கா” என்றார். பழைய பிரிண்டரையே ஒட்டுப்போட்டுக்கொண்டாள். கோப்புகளைப் பதிந்து கொடுக்கிற பிளாப்பி வாங்கப் போனால் கிடைக்கவில்லை. ஜனங்கள் விரல் நீளத்தில் பென்டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதைச் செருகினால் பெட்டி ஊமை மாதிரி பார்த்தது. பெட்டி சாகவில்லை. சுற்றி இருந்தவர்கள்தான் ஒவ்வொருவராக அதோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் வந்துசேர்ந்தார் சின்னதுரை. திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் ஆடிப்பெருக்கு விழா நடத்துகிற குழுவின் செயலாளர். “போன வருச நோட்டீசு அப்படியே வேணும்மா. தலைவரு மட்டும் புதுசு. படம் இதுல இருக்கு” என்று பென்டிரைவை நீட்டினார்.

வேம்பு செருகினாள், எடுத்தாள், ஊதினாள், மறுபடி செருகினாள். “இதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்களே.”

“இல்லியா? எம்மவன் போட்டுக் குடுத்தானே!”

அவர் வீதியைக் கடந்தார். இர்பானா கடையில் தலைவர் திரை முழுக்க மீசையோடு வந்து நின்றார். ஆனால் போன வருஷ நோட்டீசோடு வேம்பு கொடுத்திருந்த பிளாப்பியைப் போட்டால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் கொட்டியது. வேம்பு வைத்திருந்த பழைய தமிழ் எழுத்து மென்பொருள் எக்ஸ்பியில் ஏறாது.

“இது என்னம்மா மொழி?”

“பழைய தமிழ்ங்க” என்றாள் இர்பானா, முகம் மாறாமல்.

அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று நடந்து, கடைசியில் மனுஷன் நடு வீதியில் நின்றுவிட்டார். டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. இரண்டு பக்கமும் கையை நீட்டிக் கத்தினார். “ஒருத்திக்குப் படிக்கத் தெரியிது, கண்ணு தெரியல! இன்னொருத்திக்குக் கண்ணு தெரியிது, படிக்கத் தெரியல! ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு கடைம்மா நீங்க!”

வீதி சிரித்தது. அவர்கள் இருவரும் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், வெயிலில் வீதி காலியாகக் கிடந்தபோது, இர்பானா குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக் கடைக்குள் நுழைந்தாள். முதன்முதலாக. வேம்பு எழுந்திருக்கவில்லை. காற்றாடி அப்போது பார்த்து வண்டாக இரைந்தது. இர்பானா பெட்டியின் பக்கம் போய், இடது புறம் கீழ் மூலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். இரைச்சல் நின்றது.

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“இது எங்க வூட்டு பொட்டிக்கா. லப்பைக்குடிக்காடு. எங்க அத்தா ஷார்ஜாவுலேர்ந்து கொண்டாந்தது. நான் இதுலதான் மொத மொதல்ல எம்பேர அடிச்சேன். கல்யாணம் பேசின ஒடனே, என்னை ஒரு வார்த்தை கேக்காம வித்துப்புட்டாங்க.” அவள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். “இந்த ஊருக்கு வாழ வந்தா, எதுத்தாப்ல இது ஒங்க கடையில ஒக்காந்திருக்கு. எரிச்சலா வந்துச்சு. அதான் நானும் ஒரு கடை போட்டேன்.”

வேம்பு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். “அன்னிக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சியே, அது எதுக்கு?”

“செத்துருமோன்னு பயந்துட்டேங்க்கா. கூட்டத்துக்கு முன்னாடி அழ முடியுமா? எந்திரிச்சதும் சிரிப்பு வந்துருச்சு.”

அன்றைக்கு இருவரும் சேர்ந்து சதி செய்தார்கள். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், படம் அங்கே இறங்கும், எழுத்தை இங்கே கோத்துப் படமாக்கி அனுப்பினால் அச்சு மறுபடி அங்கே ஆகும். பழைய பெட்டிக்குள் அதற்காகச் செருக வேண்டிய அட்டைக்கு, தொண்ணூற்றெட்டுக்கு உரிய சிடி, இர்பானாவின் அத்தா வீட்டு அட்டைப்பெட்டியில் இன்னும் கிடந்தது. ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது என்றாள் இர்பானா. “பழசு புடிச்சவங்க ஒங்ககிட்ட வராங்க. புதுசு புடிச்சவங்க எங்கிட்ட வராங்க. சேந்துட்டோம்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் வரமாட்டாங்க.”

“அப்ப சண்டை?”

“சண்டைய நிறுத்திறாதீங்க்கா. அதுதான் நமக்கு விளம்பரம்.”

வீதியின் குறுக்கே கேபிள் எப்படிப் போகும்? ஆடி மாதம் அதற்கும் வழி செய்தது. மாரியம்மன் கோயிலுக்காக வீதி முழுக்கக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறிவரசன் பட்டப்பகலில் லாரியைக் குறுக்கே நிறுத்தி, கேபின் மேல் ஏறி நின்று, சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதம் சுற்றிய கேபிளைத் தோரணத்தோடு தோரணமாக இழுத்துக் கட்டினான். கோயில்காரர்கள் அவன் பக்தியை மெச்சி ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

ஆடி போனது, மற்றத் தோரணங்களை அவிழ்த்தார்கள். இது மட்டும் தொங்கியது. கேட்டவர்களுக்கு வேம்பு, “வேண்டுதல்ங்க. ஒரு வருசம் அவுக்கக் கூடாது” என்றாள். இர்பானாவைக் கேட்டால், “அது அவங்க சாமி சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க வம்பு” என்றாள்.

அதற்கப்புறம் நடந்த சண்டைகளுக்குத்தான் கண்ணையன் கடையில் நிற்க இடம் கிடைக்காது. இருவரும் வாசலில் நின்று வீதி அதிரக் கத்துவார்கள்.

“என்னாடி, பாதிச் சோத்துல எந்திரிச்சுட்ட?” என்று வேம்பு கத்தினால், கோப்பு பாதிதான் வந்தது, மறுபடி அனுப்பு என்று அர்த்தம்.

“ஒங்க மூஞ்சிக்கு இதுவே போதும்!” என்றால், போட்டோ அனுப்பியாயிற்று.

“ஒனக்கு வெக்கமே இல்லியா?” என்றால் ப்ரூப் ரெடி.

ஒருமுறை காதுகுத்துப் பத்திரிகைக்கு வந்த ஒருவர் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து, சமாதானம் பண்ணுகிறேன் என்று நடுவில் புகுந்து, கடைசியில் இரண்டு கடையிலும் தனித்தனியாகப் பத்திரிகை அடித்துக்கொண்டு போனார். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தை மாதம் வரை இந்தக் கூத்து நடந்தது. அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் ஓட ஆரம்பித்தன. அறிவரசன் கேபிளைத் தன் லாரி உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் கட்டியிருந்தான். வைக்கோல் பாரம் லாரிக்கு மேல் இன்னொரு லாரி உயரம் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஒரு நாள் காலை, மலைபோல வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஆடிக்கொண்டே வீதிக்குள் வந்தது. தோரணம் அதில் மாட்டியது.

வேம்பு பெயர் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே பெட்டி மேசையை விட்டு எழுந்து நடந்தது. அவள் பாய்ந்து பிடிப்பதற்குள் படியில் உருண்டு, மருதாயியின் பூக்கூடைக்குள் ஒரு தடவை உட்கார்ந்து, வீதிக்கு வந்துவிட்டது. எதிரே கண்ணாடிக் கதவு படாரென்று திறந்து, அங்கிருந்தும் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. லாரி நின்றது. கண்ணையன் கேபிளைக் கையில் பிடித்து, பாம்பைத் தடவுகிற மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார். வீதியே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இதுதான் ஒங்க வேண்டுதலா? அப்ப எங்கடை வாசல்ல ஆறு மாசமா போட்ட சண்டையெல்லாம்?”

யாரும் சிரிக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்கிற கோபம் மெல்லக் கூட்டத்தில் ஏறியது. அப்போது இர்பானா ஓடிவந்து, தரையில் நசுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

“ஒயரமாக் கட்டச் சொன்னேனா இல்லியா? ஒங்க வூட்டுக்காரருக்கு அறிவு வேணாம்?”

“எம்புருசனச் சொல்லாத! ஒயரு பத்தாதுன்னு சொன்னது யாரு?”

“எங்க அத்தா பொட்டிய ஒடச்சுட்டு வாய் வேற பேசறீங்களா?”

“ஏழு வருசமா சோறு போட்டுக் காப்பாத்துனவ நானுடி!”

இது நிஜச் சண்டை. இருவர் கண்ணிலும் தண்ணீர். அரை வருஷமாகப் பொய்ச்சண்டை பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. கோபம் போய்விட்டது. மருதாயி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்று, “போதும் விடுங்கடி, ஒரு பொட்டிக்கு எத்தன பொண்டாட்டி” என்றாள். அதற்குத்தான் முதலில் லாரி டிரைவர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

பெட்டியை உள்ளே தூக்கிப் போய் மாட்டிப் பார்த்தார்கள். இர்பானா மூலையில் தட்டினாள். வேம்பு தட்டினாள். இந்தத் தடவை அது எழவில்லை. வேம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மருதாயி வாயைத் திறந்ததும், “வேணாம், இப்ப பாடாத” என்றாள் மெதுவாக.

இர்பானாதான் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்து ஹார்டு டிஸ்கை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் இணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொன்றாக வந்தன: கல்யாணங்கள், காதுகுத்துகள், பிரிந்து சேர்ந்த மாவட்டங்கள், செத்தவர்கள் எல்லோரும். ஒன்றும் தொலையவில்லை. எழுத்து மட்டும் கட்டமாகத் தெரிந்தது. அந்தத் தமிழ் எழுத்து மென்பொருளின் எக்ஸ்பிக்கான புதுப் பதிப்பைத் திருச்சியிலிருந்து வாங்கி வந்தபின் அதுவும் தமிழானது.

வேம்பு சந்துக் கடையைக் காலி பண்ணிவிட்டு எதிர்க்கடைக்கே மேசையைப் போட்டுக்கொண்டாள். பலகையில் இரண்டு பேர் பெயரும் ஏறியது. பெயிண்டர் எழுதும்போது வேம்பு பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். ஏ.சி. ஒத்துக்கொள்ளாமல் முதல் வாரம் சளி பிடித்தது. எக்ஸ்பியில் எதைத் தேடினாலும் வேறு இடத்தில் இருந்தது. “என்னடி இது, பக்கத்து வூட்டு அடுக்களை மாதிரி” என்று முனகுவாள். ஒரு மாதத்தில் முனகல் நின்றது. பழைய பெட்டியை நினைத்து அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

நஷ்டம் கண்ணையனுக்குத்தான். சண்டை இல்லாததால் டீக்கடைக் கூட்டம் குறைந்தது. “வாரத்துல ஒரு நாளாச்சும் வெளிய வந்து திட்டிக்கக் கூடாதா?” என்று கேட்டுப் பார்த்தார்.

அந்தக் கோடையில் திருச்சியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். விஸ்டா என்று அடுத்தது வந்துவிட்டது, இங்கே இருக்கிற மெஷின்கள் அதைத் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று ஏ.சி.யில் வியர்க்க வியர்க்கப் பேசினார். இர்பானா முகம் வாடிப்போனது. வேம்பு அவருக்கு டீ வரவழைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

“இப்பத்தாங்க ஒண்ண எடுத்துப் போட்டிருக்கோம். துக்க வூடு. வருசம் திரும்பட்டும், வாங்க.”

அவர் எழுந்து, எதற்கு என்றே தெரியாமல் கைகூப்பி, வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். கதவு மூடியதும் இர்பானா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். வேம்பு, “சிரிச்சது போதும், அந்த ஜெயங்கொண்டத்துப் பத்திரிகைய அனுப்பு, மாப்ள பேர்ல ஒரு புள்ளி வுட்டுப்போச்சு” என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.